கருங்கோழியின் மரபேடு

கோழியை அறியாத குடும்பம் நம்மிடையே இல்லை. புலால் உண்ணாத வீட்டினரும் சேவல் கூவும் ஒலியைக் கேட்டு விழித்தவர்களே. ஊரில் நம் தாய்மார்கள் சிறுவிடை என்றும் பெருவிடை என்றும் பிரித்தறிந்து வளர்த்த கோழிகளை நாம் மறந்துவிடவில்லை. பிழைப்பை நாடி இம்மத்தியப் பிரதேசத்தில் குடியேறிய பின்னர், நம் கண்ணுக்குப் புதுமையாகத் தோன்றிய கோழி ஒன்று உண்டு. அதன் இறகு கருமை, கொண்டை கருமை, நாக்கும் நகமும் கருமை. அறுத்துப் பார்த்தால் தசையும் கருமை. எலும்பைப் போர்த்திய மெல்லிய உறையும் கருமை. கடக்நாத் என்பது அதன் பெயர். இங்குள்ளோர் அதன் இறைச்சியைக் காலி மாசி, அதாவது கறுப்பு இறைச்சி, என்று வழங்குவர். நம்மவர் கருங்கோழி என்பர்.

இக்கோழியின் தாயகம் இம்மாநிலத்தின் மேற்கு எல்லையிலுள்ள ஜாபுவா, அலிராஜ்பூர் மாவட்டங்கள். இரத்லாமிலிருந்து தாஹோத் செல்லும் இருப்புப் பாதையில் மேக்நகர் என்னும் நிலையத்தில் இறங்கினால் ஜாபுவா அருகில்தான். பீல், பிலாலா என்னும் பழங்குடி மக்கள் தலைமுறை தலைமுறையாக இதனை வளர்த்து வருகின்றனர். 2018ஆம் ஆண்டில் ஜாபுவா கடக்நாத் இறைச்சிக்குப் புவிசார் குறியீடு வழங்கப் பெற்றது. சத்தீஸ்கரின் தந்தேவாடாவும் அதற்கு உரிமை கோரியிருந்தது. அக்குறியீட்டை வழங்கும் அலுவலகம் நம் சென்னை மாநகரில் இருக்கின்றது என்பதை அன்பர்கள் பலர் அறிந்திரார்.

குறியீடு கிடைத்தது, விலையும் ஏறியது. விலை ஏறினால் போலியும் ஏறும் என்பது உலக வழக்கு. கருமையாக உள்ள கோழியெல்லாம் கடக்நாத் தானா? இக்கேள்விக்கு விடை கூறக்கூடிய ஏடு கோழியின் உடலுக்குள்ளேயே இருக்கின்றது. அதைப் படிக்கும் கலையைப் பற்றியே இக்கட்டுரையில் கூற விரும்புகின்றோம்.

நூறு கோடி எழுத்துள்ள ஏடு

உயிரினத்தின் உடல் உயிரணுக்களால் ஆனது. உயிரணுவின் நடுவே உள்ள உட்கருவில் டி.என்.ஏ. என்னும் நீண்ட இழைகள் இருக்கின்றன. ஏ, சி, ஜி, டி என்று நான்கே எழுத்துக்களால் எழுதப்பட்ட ஏடு அது. அவ்விழைகள் குரோமோசோம்களாகப் பகுக்கப்பட்டுள்ளன. மனிதனுக்கு 23 இணைகள். கோழிக்கு 39 இணைகள். அவற்றுள் சில பெரியவை; எஞ்சியவை மிகச் சிறியவை. கோழியின் ஏட்டில் ஏறக்குறைய 100 கோடி எழுத்துக்கள் உள்ளன. மனிதனுடையதில் ஏறக்குறைய 300 கோடி. இவ்வேடு முழுவதையும் சேர்த்து மரபணுத் தொகுதி என்பர். நாம் எளிமை கருதி மரபேடு என்றே குறிப்போம்.

கோழியின் மரபேட்டைப் படிக்க அதனைக் கொல்ல வேண்டியதில்லை. இறக்கையடியிலுள்ள நரம்பிலிருந்து சில துளி இரத்தம் போதும். நம் சிவப்பணுக்களில் உட்கரு கிடையாது. பறவைகளின் சிவப்பணுக்களில் அது உண்டு. ஆதலால் கோழியின் ஒரு துளி இரத்தத்தில் மரபேட்டின் படிகள் ஏராளமாகக் கிடைக்கின்றன.

படிகள் கிடைப்பது எளிது, படிப்பதுதான் அரிது. முதற் பக்கத்தில் தொடங்கிக் கடைசிப் பக்கம் வரை ஒரே மூச்சில் படித்துச் செல்லும் இயந்திரம் இல்லை. இழைகளைத் துண்டு துண்டாக நறுக்கி, ஒவ்வொரு துண்டையும் தனித்தனியே படித்துப் பின்னர் கோத்துச் சேர்க்க வேண்டும். 1977ஆம் ஆண்டில் பிரடெரிக் சாங்கர் என்னும் ஆங்கில விஞ்ஞானி வகுத்த முறையில் ஒரு துண்டில் சில நூறு எழுத்துக்களைப் படிக்கலாம். பின்னர் வந்த இயந்திரங்கள் 150 எழுத்துக்களே கொண்ட குறுந்துண்டுகளைக் கோடிக்கணக்கில் ஒரே வேளையில் படிக்கின்றன. அண்மைக் கால இயந்திரங்கள் பதினாயிரக்கணக்கான எழுத்துக்கள் கொண்ட நெடுந்துண்டுகளையும் படிக்க வல்லவை.

கிழிந்த கால அட்டவணை

இருப்புப் பாதை அலுவலகத்தில் எழுத்தராக இருக்கும் நமக்கு இவ்வேலை ஓர் உவமையால் எளிதில் விளங்குகின்றது. கனத்த இரயில்வே கால அட்டவணைப் புத்தகம் ஒன்றை எண்ணிக் கொள்ளுங்கள். அதன் முப்பது படிகளைக் குழந்தைகள் கையில் கொடுத்துவிட்டோம். அவர்கள் ஒவ்வொரு படியையும் தம் மனம் போனபடி சிறு சிறு துணுக்குகளாகக் கிழித்துக் குவித்துவிட்டனர். ஒரு துணுக்கிலும் பக்க எண் இல்லை. இக்குவியலிலிருந்து புத்தகத்தை மீண்டும் உண்டாக்க வேண்டும்.

முடியுமா? முடியும். முப்பது படிகளும் ஒரே இடத்தில் கிழியவில்லை அல்லவா? ஒரு துணுக்கில் 'விழுப்புரம், விருத்தாசலம், அரியலூர்' என்று இருக்கின்றது. மற்றொன்றில் 'அரியலூர், திருச்சிராப்பள்ளி, திண்டுக்கல்' என்று இருக்கின்றது. அரியலூர் இரண்டிற்கும் பொது. இரண்டையும் ஒன்றின்மேல் ஒன்று பொருத்தினால் தொடர் நீள்கின்றது. இங்ஙனம் பொருத்திக் கொண்டே சென்றால் பாதை முழுவதும் புலப்படும். கோழியின் 100 கோடி எழுத்துக்களை முப்பது மடங்கு படித்தால் 3,000 கோடி எழுத்துக்கள்; துண்டுக்கு 150 எழுத்து வீதம் 20 கோடித் துண்டுகள். இவற்றைக் கையால் பொருத்த இயலாது, கணிப்பொறிகளே செய்கின்றன. துண்டுகளைப் படிப்பது ஒரு வேலை; கோத்துச் சேர்ப்பது மற்றொரு வேலை. பின்னதே கடினம்.

ஏன் கடினம்? 'பத்து நிமிடம் நிற்கும்' என்ற தொடர் அட்டவணையில் நூறு இடங்களில் வரும். அத்தொடர் மட்டும் உள்ள துணுக்கை எந்தப் பக்கத்தில் வைப்பது? மரபேட்டிலும் ஒரே தொடர் பல இடங்களில் திரும்பத் திரும்ப வருவதுண்டு. துண்டு குறுகியதாக இருந்தால் அதன் இடம் தெரியாது. துண்டு நெடியதாக இருந்து, திரும்ப வரும் தொடரைத் தாண்டி இரு புறத்து ஊர்களையும் தொட்டு நின்றால் ஐயம் நீங்கும். நெடுந்துண்டுகளின் சிறப்பு இதுவே. அதன் பின்னரும், கோத்த தொடர்களில் எது எந்தக் குரோமோசோமைச் சேர்ந்தது, எது முன், எது பின் என்று ஒழுங்குபடுத்த வேண்டும். வேகன்களைக் கோத்துத் தொடராக்கிய பின் அத்தொடரை உரிய பாதையில் நிறுத்துவது போன்றது இது.

முதன்முதலில் படிக்கப் பெற்ற பறவை

பறவைகளுள் முதன்முதலில் மரபேடு படிக்கப் பெற்ற பெருமை கோழிக்கே உரியது. அமெரிக்காவில் செயின்ட் லூயிஸ் நகரிலுள்ள வாஷிங்டன் பல்கலைக் கழகத்தார் தலைமையில் பல நாட்டு அறிஞர்கள் கூடி உழைத்து, 2004ஆம் ஆண்டு டிசம்பரில் 'நேச்சர்' இதழில் அதனை வெளியிட்டனர். அவர்கள் எடுத்துக் கொண்டது வீட்டுக் கோழியின் மூதாதையாகிய சிவப்புக் காட்டுக்கோழி இனத்துப் பெட்டை ஒன்று. ஏறத்தாழ 6.6 மடங்கு படித்துக் கோத்தனர். 20,000 முதல் 23,000 வரை மரபணுக்கள் இருக்கலாமென மதிப்பிட்டனர். அதனுடன், கறிக்கோழி ஒன்று, முட்டைக்கோழி ஒன்று, சீனத்துப் பட்டுக்கோழி ஒன்று ஆகிய மூன்று வீட்டுக் கோழிகளையும் ஒப்பிட்டு, எழுத்து மாறுபடும் இடங்கள் 28 இலட்சம் உண்டெனக் கண்டனர்.

அம்முதல் ஏட்டில் வெற்றிடங்கள் பல இருந்தன. மிகச் சிறிய குரோமோசோம்கள் சில அதில் இடம்பெறவே இல்லை. அக்குறையை நீக்கப் பத்தொன்பது ஆண்டுகள் ஆயின. 2023ஆம் ஆண்டில் சீன அறிஞர்கள், ஹூஷூ என்னும் தம் நாட்டு வீட்டுக் கோழியினத்தின் மரபேட்டை நெடுந்துண்டுகளைக் கொண்டு நுனி முதல் நுனி வரை ஏறத்தாழ முழுமையாகக் கோத்து வெளியிட்டனர்.

இவ்வாராய்ச்சிகளால் கோழியின் குடிவழியும் தெளிவு பெற்றது. சிவப்புக் காட்டுக்கோழியே வீட்டுக் கோழியின் மூதாதை என்று 1868ஆம் ஆண்டிலேயே டார்வின் எழுதினார். 2020ஆம் ஆண்டில், 863 கோழிகளின் மரபேடுகளை ஒப்பிட்ட அறிஞர்கள், தென்மேற்குச் சீனம், வடதாய்லாந்து, மியான்மார் ஆகிய பகுதிகளில் வாழும் காட்டுக்கோழிக் கிளையே வீட்டுக் கோழிக்கு மிக நெருங்கியது என்றனர். நம் நாட்டிற்கும் இதில் பங்கு உண்டு. மஞ்சட் கால் உள்ள கோழிகளைக் கண்டிருக்கிறோம். அம்மஞ்சளுக்குக் காரணமான மரபணு வடிவம், நம் தென்னாட்டு மலைக்காடுகளில் வாழும் சாம்பல் நிறக் காட்டுக்கோழியிடமிருந்து வந்ததென 2008ஆம் ஆண்டில் நிறுவப்பட்டது. சங்கப் புலவர்கள் கண்டு பாடிய கானக்கோழியின் குருதி, இன்று உலகெங்கும் மஞ்சட் காலோடு நடமாடும் கோழிகளில் ஓடுகின்றது என்பது நமக்கு மகிழ்ச்சி தரும் செய்தியன்றோ?

கருமை எங்ஙனம் வந்தது?

இனி, கருங்கோழிக்கு வருவோம். தோலுக்கும் இறகுக்கும் கருநிறம் தருவது மெலனின் என்னும் பொருள். கரு வளரும்போது, அதனை உண்டாக்கும் அணுக்கள் முதுகுப் புறத்திலிருந்து புறப்பட்டு உடலெங்கும் பரவுகின்றன. சாதாரணக் கோழியில் அவை தோலையும் இறகையும் அடைந்து நின்றுவிடும். கருங்கோழியிலோ அவை பெருகித் தசை, எலும்பு, உள்ளுறுப்பு ஆகியவற்றிலும் குடியேறிவிடுகின்றன.

2011ஆம் ஆண்டில் இதன் காரணம் வெளிப்பட்டது. கோழியின் 20ஆம் குரோமோசோமில் இரண்டு பகுதிகள் இரட்டிப்பாகி இருக்கின்றன. ஒன்று ஏறக்குறைய 1,27,000 எழுத்து நீளம். மற்றொன்று ஏறக்குறைய 1,70,000. இவை இரண்டிற்கும் இடையே 4 இலட்சத்திற்கும் மேற்பட்ட எழுத்துக்கள் உள்ளன. முதற் பகுதியில் எண்டோதீலின்-3 என்னும் மரபணு இருக்கின்றது. நிற அணுக்களைப் பெருகச் செய்வதும் பரவச் செய்வதும் அதன் வேலை. மரபணு இரட்டித்தது, அதன் வேலையும் மிகுந்தது, கோழி உள்ளும் புறமும் கறுத்தது.

மேலே கூறிய கோத்தல் வேலையின் அருமை இங்கேதான் விளங்குகின்றது. ஒரே பகுதி இரு முறை எழுதப்பட்டிருந்தால், குறுந்துண்டுகளைக் கோக்கும் கணிப்பொறி இரண்டையும் ஒன்றாகக் கருதி, ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கிவிடும். பின் எங்ஙனம் கண்டுபிடித்தனர்? எழுத்தர் கணக்கைச் சரி பார்ப்பது போலத்தான். ஒரே படுக்கை எண்ணுக்கு இரண்டு பயணச் சீட்டுகள் வந்தால் எங்கோ இரட்டிப்பு உள்ளது என்று நாம் அறிவோம். அதுபோல, மற்ற இடங்களில் முப்பது துண்டுகள் படிந்திருக்க, ஓரிடத்தில் மட்டும் அறுபது படிந்திருந்தால் அவ்விடம் இரட்டித்தது என்பது திண்ணம். மேலும், அடுத்தடுத்து வரக் கூடாத இரண்டு ஊர்கள் ஒரே துணுக்கில் அடுத்தடுத்து இருந்தால் அங்கே பாதை மாற்றி இணைக்கப்பட்டுள்ளது என்பதும் திண்ணம்.

ஆயினும், இரட்டித்த பகுதிகள் எந்த வரிசையில், எந்தத் திசை நோக்கி அமைந்துள்ளன என்பதில் மூன்று வகையான விடைகளுக்கு இடம் இருந்தது. போபால் நகரிலுள்ள இந்திய விஞ்ஞானக் கல்வி ஆராய்ச்சி நிலையத்தார் 2023ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆராய்ச்சியில் இதற்குத் தெளிவு கண்டனர். சீனத்துப் பட்டுக்கோழியின் நெடுந்துண்டுகளைக் கொண்டு மூன்றில் எது சரி என்று காட்டினர். அத்துடன் கடக்நாத் கோழியின் மரபேட்டையும் படித்து, கோத்து வைக்கப்பட்டிருந்த கோழி ஏட்டோடு வரிக்கு வரி ஒப்பிட்டனர். இங்ஙனம் ஒப்பிடுவது, முதன்முதலாகக் கோப்பதைவிட எளிது. மூலப்படி ஒன்று கையில் இருக்கின்றதல்லவா?

அவர்கள் கண்டது யாது? சீனத்துக் கருங்கோழி, கொரியாவின் கருங்கோழி, நம் கடக்நாத் ஆகிய அனைத்திலும் இரட்டிப்பின் இணைப்பிடங்கள் ஒன்றே. இத்தகைய சிக்கலான மாற்றம் எழுத்துப் பிசகாமல் பல முறை தனித்தனியே நிகழ்வது அரிது. ஆதலின் என்றோ, எங்கோ, ஒரு கோழியில் ஒரு முறை நிகழ்ந்த மாற்றமே நாடுகள் கடந்து பரவியது எனக் கொள்ளலாம். அதே வேளையில், அவ்விடத்தின் அருகே கடக்நாத்திற்கே உரிய தனித் தடயங்கள் கொண்ட இரண்டு பகுதிகளையும் கண்டனர். கருமை பொது, கடக்நாத் என்னும் தன்மை தனி.

நமக்கு இதனால் ஆவதென்ன?

இவையெல்லாம் விஞ்ஞானிகளுக்கு உரியவை, குடும்பம் நடத்தும் நமக்கு என்ன என்று சிலர் எண்ணலாம். சென்ற ஆண்டு ஊரிலிருந்து எமது தாய்மாமன் தொலைபேசியில் அழைத்தார்.

"மாப்பிள்ளை, நீ இருக்கிற சீமையில்தானே அந்தக் கருங்கோழி? இங்கே ஒருவர் குஞ்சும் தீவனமும் கொடுத்து, வளர்ந்த கோழியை அவரே வாங்கிக் கொள்வதாகச் சொல்கிறார். அரை ஏக்கரை அடகு வைத்தால் பணம் கட்டிவிடலாம்" என்றார்.

"மாமா, குஞ்சு எங்கிருந்து வருகின்றது என்று கேட்டீர்களா?" என்றோம்.

"கறுப்பாகத்தான் இருக்கிறது, போதாதா?" என்றார்.

போதாது. கருமை தரும் மரபணு மாற்றம் தந்தை வழியிலோ தாய் வழியிலோ ஒரு படி வந்தாலும் வெளிப்பட வல்லது. கடக்நாத் சேவலை வேறு பெட்டையுடன் சேர்த்துப் பெற்ற கலப்புக் குஞ்சும் கறுத்திருக்கக் கூடும். ஆனால் 39 இணைக் குரோமோசோம்களில் கருமைக்குரிய இடம் ஒன்றின் சிறு பகுதியே. அவ்வினத்தின் எஞ்சிய இயல்புகளுக்கான எழுத்துக்கள் ஏடு முழுவதும் பரவிக் கிடக்கின்றன. கலப்பில் அவற்றுள் பாதி போய்விடுகின்றது. கறுப்பு மட்டும் மேலே நின்று கண்ணை மயக்குகின்றது.

மேலும், கோழியைக் காட்டிப் பணம் திரட்டும் வணிகம் நமக்குப் புதிதன்று. 2012ஆம் ஆண்டில் நம் ஈரோடு மாவட்டத்தில் ஈமு வளர்ப்பை நம்பிப் பணம் போட்ட எத்தனையோ குடும்பங்கள் தவித்தன. 2019ஆம் ஆண்டில் மராட்டிய மாநிலத்தில் இதே கடக்நாத்தைக் காட்டி, முட்டையையும் கோழியையும் திரும்ப வாங்கிக் கொள்வோம் என்ற வாக்கை நம்பிய உழவர்கள், ஏமாற்றப்பட்டதாகக் காவல் துறையிடம் முறையிட்டனர். இவற்றை எடுத்துரைத்தபின் மாமா சிறிது நேரம் பேசவில்லை. "நிலத்தை விட்டுவிடுகிறேன், இருபது குஞ்சு மட்டும் நல்ல இடத்தில் வாங்கித் தருவாயா?" என்றார். ஜாபுவாவிலுள்ள கிருஷி விஞ்ஞான் கேந்திரத்தில் குஞ்சு பொரிக்கும் நிலையம் உண்டு. அங்கே விசாரிக்கலாம் என்று கூறினோம். நிலம் அடகுக்குப் போகவில்லை.

கருங்கோழி உண்டால் பல பிணிகள் தீரும் என்ற பேச்சும் உலவுகின்றது. கருமை என்பது மெலனின், அது நிறப்பொருள். நிறத்தைக் கண்டு மருந்தென்று எண்ணி மருத்துவரைக் கைவிடுதல் தகாது. சுவைக்காக உண்போர் உண்ணட்டும்.

காப்பவர் யார்?

மரபேட்டைப் படிப்பதன் பெரும்பயன் மற்றொன்று உண்டு. விரைந்து கொழுக்கும் கறிக்கோழியும், நாள்தோறும் இடும் முட்டைக்கோழியும் ஒரு சில வழிகளிலிருந்தே பெருக்கப்படுகின்றன. நாட்டு இனங்களில் பலவகை மரபணு வடிவங்கள் தங்கியிருக்கின்றன. நாளை புதியதொரு நோய் வருமாயின் எதிர்க்கும் ஆற்றல் எந்த நாட்டுக்கோழியில் இருக்கும் என்று இன்று யாரும் கூற முடியாது. பறவைக் காய்ச்சலை எடுத்துக் கொள்ளுங்கள். அக்கிருமியைக் கண்டறிந்து எச்சரிக்கும் ரிக்-ஐ என்னும் மரபணு வாத்தில் உண்டு, கோழியில் இல்லை என்று 2010ஆம் ஆண்டில் கண்டனர். வாத்து பெரும்பாலும் தாங்கிக் கொள்ளக் கோழி மடிவதற்கு அது ஒரு காரணம். ஓர் எழுத்துக் கோவை இருப்பதும் இல்லாததும் உயிர் வாழ்வதற்கும் மடிவதற்கும் உள்ள வேறுபாடாகிவிடுகின்றது. நாட்டு இனம் ஒன்று கலப்பில் கரைந்து போனால், அதனுடன் போன எழுத்துக்களை மீண்டும் எழுத எவராலும் ஆகாது.

அவ்வெழுத்துக்களை இதுகாறும் காத்தவர்கள் ஆராய்ச்சி நிலையத்தார் அல்லர். ஜாபுவாவின் குன்றுகளில் குடிசை முற்றத்தில் தானியம் இறைத்து, நல்ல சேவலைத் தேர்ந்து நிறுத்தி, கருங்கோழியைக் கருங்கோழியாகவே வைத்திருந்த பீல் இனத்து ஆண்களும் பெண்களுமே அவர்கள். அவர்களிடம் பதிவேடு இல்லை. கண்ணும் நினைவுமே உண்டு. நூறு கோடி எழுத்துக்களை இயந்திரங்கள் படித்துச் சொன்னது, அவர்கள் கண்ணால் பார்த்துப் பேணியதன் மதிப்பையே.

எனவே, சங்க அன்பர்களுக்கு நாம் கூறுவது இதுவே. கருங்கோழி வாங்க விரும்பினால் நிறத்தைக் கேளாதீர், வழியைக் கேளுங்கள். குறியீடு பெற்றவரிடமும் அரசுப் பண்ணையிலும் வாங்குங்கள். உரிய விலையைக் கொடுங்கள். அது வளர்த்த குடிகளின் கைக்குச் சேரட்டும். ஊரிலுள்ள உறவினர் பண்ணை வைக்க எண்ணினால், நிலத்தை அடகு வைக்கும் முன் ஒரு கடிதமோ தொலைபேசியோ நமக்கு வரட்டும். ஊர்ப் பக்கம் செல்லும்போது பாட்டியின் கூடையில் அடைகாக்கும் சிறுவிடையையும் சற்று மதித்துப் பாருங்கள். அதன் மரபேட்டிலும் வேறெங்கும் கிடைக்காத வரிகள் இருக்கலாம்.